பாஷன் விதியும் இன்வெர்ட்டரும் ஒரே மேசைக்கு வரட்டும்: இ.இ.இ. துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) துறைப் பேராசிரியர்களுக்கும், பாடத்திட்டம் வகுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் படித்துவிட்டுப் போனவர்களில் ஒருவன்தான் எழுதுகிறேன். விமானங்களுக்கான மோட்டார் கன்ட்ரோலர்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் நிறையப் பேர் நம் கல்லூரிகளில் இருந்து வருகிறார்கள். கெட்டிக்காரர்கள். கன்வெர்ட்டரின் சராசரி வோல்டேஜ் சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மேசையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இன்வெர்ட்டரை, அதாவது நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி மோட்டாரை ஓட்டும் கருவியைக் காட்டி, "இதையே 40,000 அடிக்கு மேலே கொண்டுபோனால் என்ன ஆகும்?" என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். நானும் அப்படி நின்றவன்தான்.

இந்தக் கேள்வி இன்று ஏன் முக்கியம் என்பதற்குப் போயிங் 787 ஒன்றே போதும். பழைய விமானங்களில் கேபினுக்குக் காற்றழுத்தம் கொடுக்கவும் இறக்கையில் பனி படியாமல் தடுக்கவும் இன்ஜினில் இருந்து சூடான காற்றைக் குழாய் வழியாக எடுத்தார்கள். 2011-இல் பயணிகள் சேவைக்கு வந்த 787 இந்த இரண்டு வேலைகளையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. பிரேக்கும் மின்சாரத்தில்தான். இன்ஜின்களில் தலா 250 கேவிஏ (மின்திறனின் அளவு) வீதம் நான்கு ஜெனரேட்டர்கள், வாலில் உள்ள துணை இன்ஜினில் தலா 225 கேவிஏ வீதம் இரண்டு. மொத்தம் 1,450 கேவிஏ. இன்ஜின் வேகம் கூடக் குறைய, வரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணும் 360-இல் இருந்து 800 ஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்கும். அதன் ஒரு பங்கை நேர்மின்சாரமாக்கி, ப்ளஸ் 270, மைனஸ் 270 வோல்ட்டில் வைத்துத்தான் பெரிய மோட்டார்களை ஓட்டுகிறார்கள். தரையில் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் அதே கன்ட்ரோலர், இன்ஜின் பிடித்துக்கொண்டதும் கேபின் கம்ப்ரசரை ஓட்டப் போய்விடுகிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

சரி, இதில் காற்று எங்கே வருகிறது?

ஹை வோல்டேஜ் பாடத்தில் பாஷன் விதியை நீங்களே எங்களுக்கு நடத்தினீர்கள். இரண்டு முனைகளுக்கு இடையே காற்று எந்த வோல்டேஜில் உடைந்து மின்சாரத்தைப் பாய விடும் என்பது, அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்தது. நெரிசலான திருவிழாத் தெருவில் யாரும் வேகம் எடுத்து ஓட முடியாது. கூட்டம் கலைந்த பிறகு ஓடலாம். எலக்ட்ரானும் அப்படித்தான், காற்று மெலிந்தால் அடுத்த மோதலுக்குள் வேகம் எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணுக்கு எதிரே உடையும் வோல்டேஜை வரைந்தால் ஒரு வளைகோடு வரும்; காற்றுக்கு அதன் அடிமட்டம், அதாவது காற்று உடையக்கூடிய மிகக் குறைந்த வோல்டேஜ், சுமார் 327 வோல்ட். தரையில் அந்த அடிமட்டம் சுமார் 7 மைக்ரான் இடைவெளியில் வரும். 40,000 அடியில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போவதால் அதே ஆபத்து 40 மைக்ரான் இடைவெளிக்கு வந்துவிடுகிறது. சுற்றுக்கம்பிகளின் வளைவுக்கு நடுவிலும், வார்னிஷ் சரியாக இறங்காத குமிழிலும் சாதாரணமாக இருக்கும் இடைவெளி அது. 270 வோல்ட் 327-க்குக் கீழே. ஆனால் ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் இருப்பது 540.

இதற்கு மேல், இன்வெர்ட்டருக்குள் அதிவேக ஸ்விட்சுகளாக வேலை செய்யும் சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட்டுகள். இழப்பு குறைவு, எடை குறைவு, விமானத்துக்கு வரப்பிரசாதம். ஆனால் சில பத்து நானோ நொடியில் அவை வோல்டேஜை ஏற்றி இறக்கும்போது, கேபிளின் மறுமுனையில் அலை எதிரொலித்து மோட்டார் முனையில் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். மோட்டார் சுருளின் முதல் சில சுற்றுகள்தான் அந்த அடியை வாங்கும்.

அப்படி அடி வாங்கிய ஒரு மோட்டாரை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். தரையில் எல்லாச் சோதனையிலும் தேறியது. உயரத்தை உருவாக்கும் அழுத்த அறைக்குள் வைத்து ஓட்டினோம், சில நாளில் போய்விட்டது. பிரித்தபோது முதல் சுற்றுக்கம்பியின் எனாமல் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. கன்ட்ரோலரில் எந்தப் பழுதும் இல்லை. சர்க்யூட் படமும் சரி. படத்தில் வரையாத ஒரே பொருள் காற்று.

என் குறை இதுதான். பாஷன் விதி ஒரு பேப்பரில், இன்வெர்ட்டர் வேறொரு பேப்பரில். இரண்டுக்கும் ஒரு முறைகூட அறிமுகம் நடப்பதில்லை. நான் படித்த ஆய்வகத்தில் தைரிஸ்டர் என்ற பழைய வகை ஸ்விட்சை இயக்கிவிட ஆர்சி ட்ரிக்கர், யுஜேடி ட்ரிக்கர் என்ற சுற்றுகள், சிஆர்ஓ திரையில் அலையைப் பார்த்து ரெக்கார்டில் பென்சிலால் வரைவது, வைவா, அவ்வளவுதான். அந்தச் சோதனைகளை எடுக்கச் சொல்லவில்லை, அடிப்படை அங்கேதான் கிடைத்தது. அதோடு ஒன்றைச் சேருங்கள் என்கிறேன்.

செலவும் அதிகம் இல்லை. இயற்பியல் துறையில் வேக்யூம் பம்ப்பும் கண்ணாடி மணிக்கலனும் இருந்தால் கேட்டு வாங்குங்கள். எனாமல் கம்பி இரண்டை முறுக்கி உள்ளே வையுங்கள், தகுந்த பாதுகாப்போடு வோல்டேஜ் கொடுங்கள், விளக்கை அணைத்துவிட்டுப் பம்ப்பை ஓட விடுங்கள். வோல்டேஜைத் தொடவே வேண்டாம். கண் இருட்டுக்குப் பழகியதும், காற்று குறையக் குறைய, கம்பிகள் பின்னிய இடத்தில் மெல்லிய ஊதா ஒளி ஊர்ந்து வரும். அதைப் பார்த்த பிள்ளைக்குப் பாஷன் விதி ஆயுசுக்கும் மறக்காது.

அப்புறம், இறுதியாண்டு ப்ராஜெக்டில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் கால் பங்குதான். உன் ஃபேனும், வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் அங்கே எவ்வளவு வெப்பத்தை எடுக்கும்? காஸ்மிக் கதிரால் வரும் நியூட்ரான்கள் அங்கே நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம், அணைந்து கிடக்கும் மாஸ்ஃபெட்டைக்கூட ஒரே ஒரு நியூட்ரான் எரித்துவிடலாம். அதைத் தவிர்க்க, 1,200 வோல்ட் தாங்கும் பாகத்துக்கு எத்தனை வோல்ட்டுக்கு மேல் கொடுக்காமல் நிறுத்துவாய்? கருவியைக் கேபின் அழுத்தம் உள்ள பகுதியில் வைத்தேன் என்று மாணவர் சொன்னால், அழுத்தம் சட்டென்று போனால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். விமானக் கருவிகளுக்கான டிஓ-160 தரநிலையில் அதற்கென்றே சோதனை இருக்கிறது.

சென்னை ஐஐடியில் பிறந்த இ-பிளேன் நிறுவனம் மின்சார வான்டாக்சி செய்துகொண்டிருக்கிறது. அது தாழ்வாகப் பறக்கும், பாஷன் தொல்லை அதற்குக் குறைவு; எடையும் வெப்பமும்தான் அங்கே பெரிய போராட்டம். நம் பிள்ளைகள் இந்த வேலைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே போகப்போகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் ஒரு சனிக்கிழமை வருகிறேன். முறுக்கிய கம்பிகள், டிரான்ஸ்ஃபார்மர், வெள்ளைப் பொடி பூத்த ஒரு சுருளின் துண்டு, மூன்றையும் நானே கொண்டுவருவேன். நீங்கள் மணிக்கலனும், ஜன்னலை மூடி இருட்டாக்கக்கூடிய ஒரு அறையும் ஏற்பாடு செய்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்