நம் மன்றத்தின் ஆண்டறிக்கை: ஆதிச்சநல்லூர் போய் வந்தோம்

தலைவர் அவர்களுக்கும் மன்றத்து உறவுகளுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. படிப்பகத்துக்குப் புதிய அலமாரி வந்துவிட்டது. சென்ற ஆண்டு சிதறால் மலை ஏறினோம் அல்லவா, அந்த ஆர்வத்தில் இந்த ஆண்டு தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூருக்குப் போனோம். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாகர்கோவிலில் காலை ஆறு மணிக்கு வர வேண்டிய வேன் ஏழரைக்குத்தான் வந்தது. அதனால் திருவைகுண்டம் கோயிலைப் பார்க்க முடியவில்லை. பெரியவர்களுக்கு அது பெரிய மனக்குறை. அடுத்த முறை வேறு வண்டி பேசுவோம்.

நம் பக்கம் பறம்பு என்றால் தென்னையும் வாழையும் நிற்கும் நிலம். அங்கே பரம்பு என்பது சரளைக் கல்லும் பாறையுமான மேடு, 114 ஏக்கர். பக்கத்திலேயே தாமிரபரணி, பச்சை வயல். விளையும் மண்ணை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, விளையாத பாறையைக் குடைந்து, இறந்தவர்களை வைத்த பெரிய மண்தாழிகளை அந்தக் கால மக்கள் இறக்கியிருக்கிறார்கள். இதை நேரில் பார்த்தபோது எல்லோரும் சற்று நேரம் பேசாமல் நின்றோம்.

தோண்டிய குழியை அப்படியே வைத்து, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழிகள், சில உடைந்து சரிந்து கிடக்கின்றன. மண்பாண்டத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்த நம் அக்கா ஒருவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு பெரிசு ஒரே சுற்றில் சக்கரத்தில் எழும்பாது. திரி திரியாக வைத்து, தட்டித் தட்டி உயர்த்தியிருப்பாங்க" என்றார். அப்புறம் எல்லோரும் அவர் கண்ணால்தான் பார்த்தோம்.

1876இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் இங்கே தோண்டினார். அவர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. 1899இல் தொடங்கி தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ எடுத்த வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 2004இல் நடந்த அகழாய்வின் மாதிரிகளைச் சோதித்து, கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் கணித்திருக்கிறார்கள். எடுத்த பொருளெல்லாம் எங்கெங்கோ இருக்க, எடுத்த இடத்திலேயே பார்க்கக் கிடைத்ததை நான் பெரும் பேறாக நினைக்கிறேன்.

மதியம் கட்டுச்சோறும் மரச்சீனி வற்றலும் ஆற்றங்கரை மரத்தடியில். வெயில் கடுமை, குடிநீர் போதவில்லை. அது ஏற்பாட்டுக் குழுவின் குறை, செயலாளர் என்ற முறையில் பொறுப்பு என்னுடையது.

வரும் தை மாதம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மறுபடியும் போக வேண்டும் என்று செயற்குழு கருதுகிறது. பெயர் கொடுப்பவர்கள் கார்த்திகைக்குள் கொடுத்துவிடுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.