ஆடி வெள்ளிக்குள் நம் கிணற்றை மீட்க வேண்டும்: தெருவாசிகள் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

பழைய வண்ணாரப்பேட்டையில் நம் தெருவில் வாழ்பவர்களுக்கும், இங்கே பிறந்து மாதவரம், அம்பத்தூர், சிங்கப்பூர் என்று போய்விட்ட நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன ஆடி முதல் வெள்ளி நடந்ததை நேரில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அபிஷேகத்துக்குக் கிணற்றில் சேந்திய குடத்தைப் பூசாரி ஐயா தூக்கினார், முகர்ந்தார், ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார். கடையிலிருந்து நாலு கேன் தண்ணீர் வாங்கி வந்துதான் அம்மனுக்கு அபிஷேகம் நடந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தண்ணீரால் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கப்பலேறிய துணி இங்கே வெளுக்கப்பட்டது. அதைச் செய்த சலவைத் தொழிலாளிகள் குடியிருந்ததால்தான் வண்ணாரப்பேட்டை. பக்கத்திலேயே ஏழு கிணறு. 1772-இல் தொடங்கி கோட்டைக்கே தண்ணீர் கொடுத்த இடம். நம் கிணற்றுக்கு அப்படிப்பட்ட சரித்திரம் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு லாரிக்காக ராத்திரி முழுக்கக் குடத்தோடு நின்றோமே, அப்போது குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் இந்த உறை கிணறுதான் கைகொடுத்தது. கொஞ்சம் உப்புத் தட்டும், அவ்வளவுதான். அன்றைக்கு வாளி இறக்காத வீடு நம் தெருவில் ஒன்றுகூட இல்லை.

அபிஷேகத்துக்கு அடுத்த வாரமே தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கிருமி நீக்கிய பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நேரம் கடந்தாலும் சூடு ஏறினாலும் பாட்டிலுக்குள்ளேயே கிருமிகளின் கணக்கு மாறிவிடும். முடிவு வந்தது. மனித மலத்தோடு வரும் கோலிஃபார்ம் கிருமி இருக்கிறது. நைட்ரேட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டிவிட்டது. சிறுநீரிலும் மலத்திலும் உள்ள நைட்ரஜன் மண்ணில் இறங்கி நைட்ரேட்டாக மாறுகிறது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நாம் இதைக் குடிப்பதில்லை, சரி. ஆனால் இதே தண்ணீரில்தான் குழந்தைகள் வாய் கொப்பளிக்கிறார்கள்.

நம் தெருவில் 64 வீடு, சுமார் 290 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் செலவு, அதில் 80 சதவீதம் கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. அப்படிப் பார்த்தால் நாம் தினமும் 31,000 லிட்டருக்கு மேல் கழிவுநீர் விடுகிறோம். அதில் ஆயிரத்துக்கு 999 பங்கு வெறும் தண்ணீர்தான். மீதி ஒரு பங்கில்தான் சோற்றுப் பருக்கை, மீன் கழுவிய அழுக்கு, வடைச் சட்டி எண்ணெய், சோப்பு, மலம் எல்லாம் அடங்கியிருக்கிறது. கெடுப்பதும் அந்த ஒரு பங்குதான்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்று நம் தெருவில் வேதியியல் படிக்கும் பெண் கோயில் படியில் வைத்துக் காட்டினாள். சமையலறைச் சாக்கடை நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இறுக மூடி வைத்தாள். முதல் நாள் சாம்பல் நிறம், சோப்பு வாசனை. மூன்றாம் நாள் கறுப்பாகிவிட்டது, திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். நீரிலுள்ள ஆக்ஸிஜனை எல்லாம் கிருமிகள் தின்று தீர்த்துவிட்டால் இப்படித்தான் ஆகும் என்றாள். அழுக்கைத் தின்ன அவற்றுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்பதுதான் பிஓடி. நம் நாட்டில் 27 டிகிரியில் 3 நாள் வைத்து அளக்கிறார்கள். வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் வரை போகும். குளிக்கத் தகுந்த நீரில் 3-க்கு மேல் இருக்கக் கூடாது.

அந்த அழுக்கு கிணற்றுக்குள் எப்படி வந்தது? இரண்டு வழியில். கிணற்றை ஒட்டிப் போகும் சாக்கடை வாய்க்காலின் அடித்தளம் வெடித்திருக்கிறது. அது ஒன்று. வீடுகளிலிருந்து மெயின் லைனுக்குப் போகும் பழைய களிமண் குழாய்கள் இணைப்பில் கசிகின்றன. பச்சைச் சாயப் பொடியை ஒவ்வொரு வீட்டுச் சேம்பரிலும் ஊற்றிப் பார்த்தோம். மூன்று வீட்டில் ஊற்றிய சாயம் மறுநாள் காலை கிணற்றில் தெரிந்தது. எந்த வீடு என்று எழுத மாட்டோம், அவர்களுக்கே தெரியும். கிணற்றின் மேல் நாலு உறையும் விரிசல் விட்டிருப்பதால் தடுக்கவும் ஒன்றும் இல்லை.

கசிவதெல்லாம் ஒழுங்காகப் பாதாளச் சாக்கடையில் சேர்ந்தால் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு முடிந்த நீர் 2019 முதல் வடசென்னை ஆலைகளுக்குப் பயன்படுகிறது. ஆலைக்குப் போக வேண்டியதை நாம் அம்மன் கிணற்றில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி செலவு. வீட்டுக் குழாய், சேம்பர் மாற்ற 2,88,000 ரூபாய். கிணறு தூர் வாரி, உறை மாற்றி, சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டி, வாய்க்காலைப் பூச 1,40,000. வீட்டுக்கு ஒரு எண்ணெய்த் தடுப்புத் தொட்டி 1,500 வீதம் 96,000. சாலை வெட்டும் செலவு 60,000. மாதம் ஒரு பரிசோதனை 3,000 வீதம் ஒரு வருடத்துக்கு 36,000. மொத்தம் 6,20,000. கையில் இருப்பது 3,85,000. குறைவது 2,35,000. கிணற்றில் ஆள் இறங்கித் தூர் வாருவதற்கு முன் காற்றைச் சோதிப்போம். சாக்கடைக் குழியில் எந்த மனிதரையும் இறக்க மாட்டோம், இயந்திரம்தான். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டம் சொல்வதும் அதுதான், நம் மனசாட்சி சொல்வதும் அதுதான்.

இதுவரை கொடுத்தவர்களை எப்படி மறப்பது! 41 வீடுகள் 5,000 வீதம் கொடுத்துவிட்டன. தெருமுனை இட்லிக்கடை அக்கா தினமும் 100 ரூபாய் உண்டியலில் போட்டு, 90 நாளில் 9,000 கொண்டுவந்து கொடுத்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒரு மாத பென்ஷனை அப்படியே கொடுத்தார். ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வசூல் முழுவதையும் கொடுத்தார்கள். காசிமேட்டு ஏலத்துக்குப் போய்வரும் மீன்கார அம்மாக்கள் ஆளுக்கு 500 போட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் நம் தெருவே இல்லை. அம்மன் அவர்கள் கூடையை என்றும் நிறைத்து வைக்கட்டும்.

இன்னும் 23 வீடுகள் கொடுக்கவில்லை. கஷ்டம் உள்ள வீடு எது என்று எங்களுக்குத் தெரியும், அவர்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். தவணையாகக் கொடுத்தாலும் போதும், மண் அள்ள ஒரு நாள் வந்தாலும் போதும். ஆனால் மாடி மேல் மாடி கட்டியவர்கள், 2019-இல் முதலில் மோட்டார் போட்டு இழுத்தவர்கள், "பார்க்கலாம்" என்றே மூன்று மாதம் ஓட்டிவிட்டார்கள். உங்கள் வீட்டுச் சாக்கடையும் அதில்தானே இறங்குகிறது? இந்த 23 வீடும் கொடுத்தால் 1,15,000 வரும். மீதி 1,20,000-க்கு வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளைத்தான் நம்பியிருக்கிறோம்.

மழைக்கு முன்னால் நம் தெருவுக்குப் புதுச் சாலை போடப் போகிறார்கள். போட்டபின் வெட்ட விட மாட்டார்கள். அதனால் ஜூலை 5-க்குள் பணம் சேர்ந்தால்தான் ஆடிக்குள் குழாய் வேலை முடியும். தினமும் மாலை 6 முதல் 8 வரை கோயில் வாசலில் குழுவினர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்போம். வரவு செலவும் பரிசோதனைத் தாளும் அங்கேயே பலகையில் ஒட்டியிருக்கிறது. ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தெருவாசிகள் குழு