பழைய பிக்கப்பின் மைலேஜ்: சேர்த்ததைக் கழற்றுவதே முதல் வேலை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சிறு சரக்கு வண்டி வைத்துப் பிழைப்பவர்களிடம், டீசலை மிச்சப்படுத்தும் என்ற பெயரில் காந்தக் கட்டைகள், ஹைட்ரஜன் பெட்டிகள், டேங்கில் ஊற்றும் மருந்துப் புட்டிகள் எனப் பலவும் விற்கப்படுகின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பொலேரோ பிக்கப்பையோ டாடா 207-ஐயோ வைத்திருப்பவர், புது வண்டிக்குத் தவணை கட்ட முடியாத நிலையில், இவற்றில் ஏதாவது ஒன்றை வாங்கி மாட்டிப் பார்ப்பதில் வியப்பில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது; 2017 ஜூனில் விலையை நாள்தோறும் மாற்றியமைக்கும் முறை வந்தது. வாடகை மட்டும் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. ஆனால் மைலேஜ் குறைந்ததற்கு வண்டியின் வயதைக் குற்றம் சொல்லும் நாம், அதை வாங்கிய பிறகு பட்டறை பட்டறையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவற்றையும் மாற்றியவற்றையும் கணக்கில் எடுப்பதே இல்லை. அவற்றை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் எந்தக் கருவியை விடவும் செலவு குறைந்த வழி என்பதை, இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் தங்கள் நாளிதழின் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கண்ணுக்குத் தெரிவதிலிருந்தே தொடங்கலாம். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்ற நிற்கும் பிக்கப்புகளைப் பார்த்தால், கம்பெனி கொடுத்த உயரத்தோடு நிற்பது அரிது. பக்கப் பலகைக்கு மேல் இரும்புச் சட்டம், அதற்கு மேல் தார்ப்பாய் கட்டக் கம்பி, கேபினுக்கு மேல் கேரியர் என்று வண்டி வளர்ந்துகொண்டே போயிருக்கும். லோடு இருக்கும்போது இதனால் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. தக்காளிப் பெட்டியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதும் அதே சட்டம் காற்றை முட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான் சிக்கல். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவது. மணிக்கு 60 கிலோமீட்டரில் இருந்த எதிர்ப்பு 80 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். முகப்பின் பரப்பு கூடினால் அதே விகிதத்தில் எதிர்ப்பும் கூடும். ஆகவே, சட்டத்தை நிரந்தரமாக வெல்டிங் வைக்காமல், போல்ட் போட்டுக் கழற்றி மடக்கி உள்ளே படுக்க வைக்கும்படி செய்வதும், வெறும் வண்டியாக வரும்போது தார்ப்பாயைப் படபடவென்று அடிக்க விடாமல் சுருட்டிக் கட்டுவதும் செலவில்லாத சேமிப்பு. முன்னால் மாட்டும் இரும்புக் காப்புக் கம்பி வெறும் பாரம் மட்டுமன்று, 2017 டிசம்பரிலேயே மத்திய அரசால் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டதும்கூட. கூடுதலாக ஒன்றிரண்டு ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்ப்பதும் அப்படித்தான்: பட்டையின் எடை சிறிதாக இருக்கலாம், ஆனால் பட்டை சேர்த்தவர், அனுமதிக்கப்பட்ட எடையோடு நிறுத்துவதில்லை.

பெரிய டயர் போடுவதில் வேறொரு குழப்பம் இருக்கிறது. டயரின் விட்டம் ஐந்து விழுக்காடு கூடினால், வண்டி உண்மையில் 105 கிலோமீட்டர் ஓடியிருக்க, மீட்டர் 100 என்றுதான் காட்டும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு விழுந்தது மீட்டர் கணக்கு மட்டுமே. ஆயினும் அகலமும் கனமும் கூடிய டயரைச் சுழற்றக் கூடுதல் விசை தேவைப்படுவதும், கியர் விகிதம் மாறுவதால் ஏற்றத்தில் ஒரு கியர் முன்கூட்டியே இறக்க நேர்வதும் உண்மை. கம்பெனி குறித்த அளவு டயரும், காலையில் டயர் சூடாவதற்கு முன் சரிபார்த்த காற்றும் இருந்தாலே போதும்.

இனி எஞ்சினுக்கு வருகிறேன். பெரிய இழப்பு இங்கேதான், வெளியே தெரியாமல் நடக்கிறது. பழைய வண்டிகளின் டீசல் பம்ப்பில் அதிகபட்ச டீசல் அளவை வரையறுக்கும் ஒரு திருகு உண்டு. அது முத்திரையிட்டு வருவது. ‘இழுவை பத்தவில்லை’ என்று சொன்னால், முத்திரையை உடைத்து அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பி, டீசலைக் கூட்டிவைத்து அனுப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில், புகையில்லாமல் எரிவதற்கு அதைவிடவும் கூடுதலாக வேண்டும். எஞ்சின் உறிஞ்சும் காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால், எரியாத மிச்சம் கரியாகிச் சைலன்சர் வழியே போகும். ஏற்றத்தில் பின்னால் வருபவரின் முகத்தில் அடிக்கும் அந்தக் கருப்புப் புகை, வண்டிக்காரர் காசு கொடுத்து நிரப்பிய டீசல்தான். இழுவை குறைந்ததற்கு உண்மையான காரணம் அடைத்துப்போன ஏர் ஃபில்டராகவோ, தேய்ந்த கிளட்ச் பிளேட்டாகவோ, நாசில் மூக்கில் பனிபோலத் தெளிக்க வேண்டிய டீசல் தாரையாக ஒழுகுவதாகவோ இருக்கக்கூடும். நாசிலைக் கழற்றிக் கைப் பம்ப் டெஸ்டரில் வைத்து அடித்துக் காட்டச் சொன்னால், தெளிப்பு சரியா, நுனியில் சொட்டு நிற்கிறதா என்பதை உரிமையாளரே தன் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். திருகைத் தொடுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். பம்ப்பை அதற்குரிய சோதனைப் பெஞ்சில் ஏற்றித்தான் அளவு வைக்க வேண்டும், காதால் கேட்டு அல்ல.

வண்டி சூடாகிறது என்று சொன்னவுடன் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிடுவது நம் ஊர் வைத்தியங்களில் மற்றொன்று. பெரும்பாலும் 80 பாகை செல்சியஸை ஒட்டித் திறக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால், ரேடியேட்டரில் தண்ணீர் எந்நேரமும் சுற்றி, எஞ்சின் தன் வேலை வெப்பத்தை எட்டவே நெடுநேரம் ஆகும். கொடைக்கானல் மலையடிவாரத்தில் அதிகாலையில் கிளம்பும் வண்டி, பாதித் தூரம் குளிர்ந்த எஞ்சினோடுதான் ஓடும். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருக்கும், டீசல் சரியாக எரியாது, தேய்மானமும் கூடும். அதேபோல, சூட்டுக்குத் தக்கபடி சுழல வேண்டிய விஸ்கஸ் ஃபேன் கெட்டுப்போனால், புதிது போடுவதற்குப் பதில் அதை ஒரேயடியாக இறுக்கி, எந்நேரமும் முழு வேகத்தில் சுழல விட்டுவிடுகிறார்கள். சுழலத் தேவையில்லாத நேரத்தில் அது தின்னும் சக்தியும் டீசலிலிருந்துதான் வருகிறது. சூடாவதற்குக் காரணம் உப்புப் படிந்த ரேடியேட்டர் என்றால், அதைச் சுத்தம் செய்வதுதானே முறை?

பிரேக் சற்றே பிடித்துக்கொண்டு ஓடுவதும் பலர் கவனிக்காத இழப்பு. பிரேக் அதிகம் போடாத நேர்சாலையில் ஓடி வந்து நிறுத்தியவுடன், தொடாமல், நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எந்தச் சக்கரம் மற்றவற்றைவிட அனலடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஓட்டும் முறையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது உயிரோடு தொடர்புடையது. தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் இறக்கத்தில் நேரும் விபத்துகள் குறித்துச் செய்தி வரும்போதெல்லாம், டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் ஒரு காரணமாகச் சுட்டிக்காட்டப்படுகிறது. அந்தச் சேமிப்பே அங்கு பொய் என்பதைத் தெரிந்தவர்கள் குறைவு. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. பழைய பம்ப்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் சரி, புதிய வண்டிகளின் கணினியும் சரி, அந்த நிலையில் டீசலை ஏறக்குறைய முற்றிலும் நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணைந்துபோகாமலிருக்க ஐட்லிங் டீசல் எரிந்துகொண்டே இருக்கும், எஞ்சின் தரும் தடையும் இல்லாமல் போகும், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். லேசான சரிவில் வண்டியை உருள விட்டால் சிறிது மிஞ்சலாம் என்பது வேறு. பிரேக் மிதித்தே இறங்க வேண்டிய கணவாயில் மிஞ்சுவது எதுவுமில்லை. சாவியையே அணைத்துவிட்டு இறங்குவோர், பிரேக்குக்கு உதவும் வாக்குவம் சில மிதிகளில் தீர்ந்துபோகும் என்பதையும், பவர் ஸ்டீரிங் உள்ள வண்டியில் ஸ்டீரிங்கும் இறுகிவிடும் என்பதையும் அறிய வேண்டும்.

மேலே சொன்ன கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டீசல் குழாயில் கட்டும் காந்தத்தால் டீசலின் எரிதிறன் மாறுவதில்லை. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும் பெட்டிக்கான மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது எஞ்சின், எஞ்சினைச் சுழற்றுவது அதே டீசல். இந்தச் சுற்றில் எங்கேயும் லாபம் முளைக்க இடமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகளைப் பல ஆண்டுகளாகச் சோதித்து, பெரும்பாலானவற்றால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றே சொல்லியிருக்கிறது. விற்பவரின் பேச்சைக் கேட்பதை விட, ஒரே பங்க்கில், ஒரே அளவுக்கு டேங்கை நிரப்பி, அடுத்த நிரப்பல் வரை ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்து, லோடு விவரத்தோடு ஒரு நோட்டில் எழுதிவைப்பது மேல். நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 10-லிருந்து 12 கிலோமீட்டருக்கு ஏறினால், 10 லிட்டர் எரிந்த இடத்தில் சுமார் 8.3 லிட்டர்தான் எரியும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே நாளுக்கு 150 ரூபாய் மிஞ்சும். ஒரு நாசில் செட் சரிசெய்யும் செலவு எத்தனை நாளில் திரும்பும் என்பதை அவரவரே கணக்கிடலாம்.

இறுதியாகப் போக்குவரத்துத் துறைக்கு ஒரு கோரிக்கை. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தனி. இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும், எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனைக்கு முதல் நாள் இரும்புச் சட்டத்தைக் கழற்றி, மறுநாள் மாட்டும் வேலைதான் நடக்கிறது. எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிகள் ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு வந்தாக வேண்டும். அங்கே அபராதச் சீட்டோடு நிற்காமல், புகைச் சோதனையில் வந்த அளவையும் சென்ற ஆண்டு வந்த அளவையும் அருகருகே அச்சிட்டு உரிமையாளர் கையில் கொடுத்தால், பம்ப் திருகு திருப்பப்பட்டிருக்கிறதா, நாசில் ஒழுகுகிறதா என்பதை அவர் அந்த எண்ணைக் கொண்டே ஊகித்துக்கொள்வார். புகைச் சான்றிதழ் மையங்களில் எஞ்சினை முழுமையாக முடுக்காமலே எண் பதிவாகும் நிலை இருக்கும்வரை இது நடக்காது. ஆகவே அம்மையங்களில் சோதனை முறைப்படி நடைபெறுவதைத் துறை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்றும், டீசல் பம்ப்பின் முத்திரை இருக்கிறதா என்பதை எஃப்.சி. சோதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறு சரக்கு வாகன உரிமையாளர் ஒருவர்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.