சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழிவுநீர் சரியாகச் சுத்தமாகாமல் ஆற்றில் கலந்தது என்று செய்தி வரும்போதெல்லாம், இயந்திரக் கோளாறு என்ற ஒரே காரணத்தோடு முடிந்துவிடுகிறது. சிறு நகரத்து நிலையம் ஒன்றில் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே முக்கால்வாசி வேலையைச் செய்வது பாக்டீரியாதான் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

சல்லடை துணியையும் பிளாஸ்டிக்கையும் பிடிக்கும், அடுத்த தொட்டியில் மணல் படியும். ஆனால் கரைந்த அழுக்கு அப்படியேதான் இருக்கும். அதற்காகத்தான் ஏரேஷன் தொட்டி. புளோயர் அடியிலிருந்து காற்றை ஊத, நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்று பெருகித் திரள்திரளாக ஒட்டிக்கொள்ளும். பிறகு படிவுத் தொட்டியில் அந்தத் திரள் கீழே இறங்க, தெளிந்த நீர் மேலே வழிந்து குளோரின் போடும் இடத்துக்குப் போகும். அடியில் சேரும் கசட்டில் பெரும்பங்கை ஏரேஷன் தொட்டிக்கே திருப்பி அனுப்புவோம். உயிரோடு இருக்கும் கசடு அது. மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-இல் அறிவித்த இந்த முறை இன்றும் உலகெங்கும் நடப்பில் இருக்கிறது.

தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் நிம்மதி. ஒரு ராத்திரி திடீரென்று மீட்டர் விறுவிறுவென ஏறும். பழக்கமில்லாதவர்கள் நல்லது என்று நினைப்பார்கள். எங்களுக்கோ வயிற்றைக் கலக்கும். ஆக்சிஜனைச் செலவழிக்க வேண்டிய உயிர்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். எவரோ பட்டறை அமிலத்தையோ பூச்சிமருந்தையோ சாக்கடையில் கவிழ்த்திருப்பார்கள். கழிவுநீரில் உள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா மிக மெதுவாகப் பெருகக்கூடியது. அது அழிந்தால் நிலையம் பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். எந்த மெக்கானிக்கை அழைத்தாலும் இதற்குப் பலனில்லை.

தண்ணீரின் தரத்தைச் சொல்லும் பி.ஓ.டி. சோதனைக்கு, அதாவது மிச்ச அழுக்கைத் தின்ன நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளப்பதற்கு, வழக்கமாக 5 நாள் ஆகும். முடிவு கைக்கு வருவதற்குள் அந்தத் தண்ணீர் ஆற்றோடு போயிருக்கும். அதனால் ஒரு லிட்டர் சிலிண்டரில் கசடு 30 நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது, நுரையின் நிறம், மண்வாசனை போய் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா என்பது, இவையெல்லாம்தான் ஆபரேட்டருக்குக் கை கொடுக்கும். அனுபவமுள்ள ஆள் இரவு ஷிப்டில் இல்லையென்றால் மீட்டர் ஏறியது காலையில்தான் தெரியவரும். ஆள் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மின்சாரத்தில் பாதிக்கு மேல் புளோயரே விழுங்கலாம், உண்மைதான். அதற்காகக் கண்ட நேரத்தில் நிறுத்தினால் தொட்டி அழுகிவிடும்.

வீடுகளுக்கும் ஒரு வார்த்தை: எண்ணெய், ஈரத் துடைப்பான்கள் வேண்டாம். மழைநீர்க் குழாயைச் சாக்கடையில் இணைக்கவே வேண்டாம். பெருமழையில் அந்த வேகம் கசட்டையே அடித்துக்கொண்டு போய்விடும்.

ஒரு கோரிக்கை. நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் பி.ஓ.டி., அம்மோனியா அளவுகளை மாதம் ஒருமுறை கேட்டு வாங்கி உங்கள் நாளிதழில் வெளியிடுங்கள். அளவு தாறுமாறாக ஏறினால், சாக்கடையில் என்ன கொட்டப்பட்டது, யார் கொட்டினார்கள் என்று உங்கள் நிருபர்கள் அதிகாரிகளிடம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்