மீன் இல்லைங்க, குழம்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் தெருநாயைப் பற்றி வாரத்துக்கு இரண்டு கடிதமாவது வந்துவிடுகிறது. பூனையைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் எங்கள் பக்கத்தில் பூனை இல்லாத சந்து கிடையாது, மீன் வெட்டுகிற இடத்தில் நான்கு, பிரியாணிக் கடை வாசலில் மூன்று, எங்கள் மாடிப்படியில் ஒன்று. அந்த ஒன்றுக்கு நானே விஷம் வைத்த கதையைத்தான் எழுதுகிறேன்.

பேர் சாம்பு. சாம்பல் நிறம், அதனால். மூன்று கிலோ இருக்கும். ஞாயிறும் புதனும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு, மறுநாள் அதன் மிச்சம், அதையே சோற்றில் பிசைந்து அதற்கும் ஒரு தட்டு வைப்பது வழக்கம். முள்ளை எடுத்துவிட்டுத்தான் வைப்பேன், அந்த அளவுக்கு அக்கறை உண்டு. போன மாதம் பக்கத்து வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய பிரியாணியும் தால்ச்சாவும் ஒரு குண்டான் நிறைய வந்தது. இரண்டு நாள் எங்களுக்கும் அதுதான், சாம்புவுக்கும் அதுதான். நாலாம் நாள் படியேற முடியாமல் அதற்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, மூத்திரம் டிக்காஷன் நிறம். கீழ்வீட்டு அக்கா எலி மருந்து வைத்துவிட்டார் என்று நினைத்து அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். (அப்புறம் மன்னிப்பு கேட்டாச்சு, இன்னும் முழுசாகப் பேசவில்லை.)

மீன் கூடையில் வைத்து மேலே துண்டு கட்டி, ஆட்டோவில் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா முதலில் கேட்டது, என்ன சாப்பாடு போடுறீங்க என்று. நாங்க சாப்பிடறதுதான் மேடம், குறையே வைக்கிறதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வெங்காயமும் பூண்டும்தான் விஷயம். அவற்றில் உள்ள கந்தகச் சத்து நமக்கு ஒன்றும் செய்யாது, பூனையின் ரத்தச் சிவப்பணுவை மட்டும் உடைத்துவிடும், ஏனென்றால் அதன் ஹீமோகுளோபின் நம்முடையதைவிட ரொம்பச் சுலபமாகக் கெடக்கூடியது. உடைந்த அணுதான் மூத்திரத்தில் நிறமாக வருகிறது. வதக்கினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது, பொடியாக்கினால் வீரியம் இன்னும் கூடும். கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே ஆபத்தாம். சாம்புவுக்குக் கணக்குப் போட்டால் 15 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம், நம் குழம்பில் அரைத்து ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். பூண்டு இதைவிடப் பல மடங்கு மோசம். ஒரே நாளில் அவ்வளவு போக வேண்டும் என்றுகூட இல்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் கெடுதல்தான். குழம்பு சாப்பிட்ட இடத்திலேயே பூனை சுருண்டு விழுந்தால் நமக்குப் புரிந்திருக்கும். அது சில நாள் கழித்துத்தான் சோர்கிறது, அதற்குள் நாம் போட்ட சோறு நமக்கே மறந்துவிடும்.

காலங்காலமாகப் போடுகிறோமே, எந்தப் பூனை செத்தது என்று என் மாமியார் கேட்டார். சரியான கேள்விதான். ஆனால் உடம்பு முடியாத பூனை நம் கண்ணில் படாமல் ஏதாவது மூலையில் போய் ஒதுங்கிக்கொள்ளும், நாம் அது வீடு மாறிப்போயிடுச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த குட்டிக்குச் சோறு பிசைவோம். எங்கள் வீட்டிலேயே அப்படி "வீடு மாறின" பூனைகள் மூன்று.

மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் காசிமேட்டுக்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள். மீன் போடலாம். ஆனால் தினமும் பச்சை மீனும் குடலும் மட்டுமே தின்று வளர்கிற பூனைக்கு வைட்டமின் பி1 குறைந்து, தலை தொங்கி, வலிப்பு வரைக்கும் போகலாம். மத்தி இனத்தில் சில மீன்களில் அந்த வைட்டமினை அழிக்கிற ஒரு நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். கருவாடு வேண்டாம், அவ்வளவு உப்பு அந்த உடம்பு தாங்காது. வெந்த கோழி எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையில் குத்தும். பால் கதையும் நாம் நினைப்பது மாதிரி இல்லை, வளர்ந்த பூனை நிறையவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைப் பக்கம் நின்று சாப்பிடுகிறவர்கள் மிச்சத்தைத் தட்டோடு கீழே வைத்துவிட்டுப் போகிறார்கள், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மேலே எலுமிச்சை. எனக்குப் பிடித்த சாப்பாடு அது, பூனைக்கு அதைவிட மோசமாக ஒன்றை யோசித்துக்கூடச் சமைக்க முடியாது.

சாப்பாட்டில் சேராது என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். சாம்பு சுருண்டு கிடந்த அன்று எங்கள் தெரு மருந்துக்கடையில், காய்ச்சலா இருக்கும், கால் மாத்திரை பாராசிட்டமால் பொடிச்சு குடுங்க என்றார்கள். நல்லவேளை கொடுக்கவில்லை. அதை முறித்து வெளியேற்றுகிற வேலையைப் பூனையின் ஈரலால் சரியாகச் செய்ய முடியாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இப்போது வீட்டில் செய்வது இவ்வளவுதான்: மசாலா தடவுவதற்கு முன்னாலேயே இரண்டு துண்டு மீனோ கோழியோ எடுத்து, உப்புகூடப் போடாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள்ளும் எலும்பும் எடுத்துவிட்டு வைக்கிறோம். அடுப்பில் ஐந்து நிமிடம் கூடுதல் வேலை. அதுவே மூன்று வேளையும் போதாது, நடுவில் பூனைத் தீனியும் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள், மாதச் செலவு கொஞ்சம் ஏறித்தான் போச்சு.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு குழம்பு சொல்லித் தருகிறீர்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்திலாவது, இதைப் பூனைக்கு வைக்காதீர்கள் என்று ஒரு வரி போட முடியுமா? சாம்பு பிழைத்துக்கொண்டது. ஆனால் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தால் இன்னமும் அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புது வண்ணாரப்பேட்டை