கட்சிகளின் செலவுக்கும் ஒரு வரம்பு வையுங்கள்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2024 தேர்தல் சமயம் என் சித்தப்பா ஆடு வாங்கச் சந்தைக்குக் கிளம்பினார். மடியில் 72,000 ரூபாய். வழியில் பறக்கும் படை மறித்தது. 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஆதாரம் காட்ட வேண்டும் என்றார்கள். ஆட்டுச் சந்தையில் யார் பில் போடுகிறார்கள்? துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், நோட்டை எண்ணிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். பணத்தை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். பிறகு திருப்பியும் தந்துவிட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் இரண்டு சந்தை போய்விட்டது. அந்தப் பணத்தில் 40,000 வட்டிக்கு வாங்கியது. தேர்தல் வந்தால் வட்டி நிற்குமா?

சோதனை போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி அப்படி. என் கேள்வி உங்களிடம்தான். மக்களவை வேட்பாளர் ஒருவர் 95 லட்சம் வரை செலவு செய்யலாம். அவரை நிறுத்தும் கட்சிக்கு வரம்பே கிடையாது. தயவுசெய்து அதற்கு ஒரு வரம்பு வையுங்கள்.

இது புதிய யோசனை அல்ல. 1974இல் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்கச் சொன்னது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கியது இதே நாடாளுமன்றம். ஐம்பது வருடமாகிவிட்டது.

அப்புறம் 2018இல் தேர்தல் பத்திரம் வந்தது. பேர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கும் பத்திரம் அது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஓட்டுப் போட்டவனுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் பட்டியல் வெளியே வந்தது. ஒரு லாட்டரி நிறுவனம் மட்டும் 1,368 கோடிக்கு வாங்கியிருந்தது. அவ்வளவு கொடுத்தவர் போன் செய்தால் எந்தக் கட்சி எடுக்காமல் இருக்கும்? என் சித்தப்பா ஊருக்கு ஒரு கால்நடை மருந்தகம் கேட்டு மூன்று முறை மனு கொடுத்தார். பதில் வரவில்லை. நீங்களே தேர்தலில் நில்லுங்கள் என்றால், மக்களவைக்கு டெபாசிட்டே 25,000 ரூபாய்.

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். வேட்பாளருக்கு இருப்பதுபோல் கட்சிக்கும் செலவு வரம்பு வேண்டும். அதற்கான மசோதாவை வருகிற கூட்டத்தொடரிலேயே கொண்டுவரப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்