பட்டாளத்தில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கொடுத்த கவச உடை உடம்புக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி வேறு அளவு மாற்றி வாங்கியதாகப் போனில் சொன்னாய். எனக்கு ரொம்ப சந்தோஷம். நான் பட்டாளத்தில் இருந்தபோது கொடுத்ததைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். வாய் திறந்தால் சொகுசு தேடுகிறவன் என்று பெயர் வந்துவிடும்.

அந்தப் பெயருக்குப் பயந்தே எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். 1914-ல் முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட பிரெஞ்சுக் காலாட்படையைப் பார். சிவப்புக் கால்சட்டை, துணித் தொப்பி. மங்கலான நிறத்துக்கு மாறலாம் என்று முன்பே பேச்சு எழுந்தது. சிவப்புதான் நாட்டின் மானம் என்று சொல்லித் தடுத்துவிட்டார்கள். எதிரே இருந்ததோ மெஷின்கன்னும் பீரங்கியும். ஆகஸ்ட் 22 அன்று ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் மாண்டார்கள். சிவப்புத் துணியால் மட்டும் வந்த சாவு இல்லை அது. வெட்டவெளியில் நெஞ்சை நிமிர்த்தி முன்னேறுவதுதான் வீரம் என்று நம்பிய போர்முறைக்கு அதில் பெரிய பங்கு. அடுத்த வருஷமே உடை நிறம் மாறியது, எஃகு ஹெல்மெட்டும் வந்தது.

பயத்தைப் பற்றிய எண்ணம் மட்டும் அப்படி மாறவில்லை. அதே போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் தன் பக்கத்து வீரர்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. குண்டுச் சத்தத்தில் மனம் சிதறிப்போனவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது 2006-ல். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு, 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் போரால் மனம் இப்படிச் சிதறுவதை ஒரு நோயாகத் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். ஹெல்மெட்டுக்கு ஒரு வருஷம், இதற்கு அறுபது வருஷத்துக்கு மேல். நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

எங்கள் யூனிட்டில் ராத்திரி தூங்க முடியாதவன் அதை யாரிடமும் சொல்லமாட்டான். உங்களுக்குக் கவுன்சலர் இருக்கிறார் என்றாய். தூக்கம் கெட்டால் தயங்காமல் போய்ப் பேசு, கண்ணு.

அப்புறம், சுமை. துணியும் துப்பாக்கியும் இலேசாகிக்கொண்டே வந்தாலும் முதுகுச் சுமை குறைந்தபாடில்லை. மிச்சமான எடையை ரேடியோவும் பேட்டரியும் இரவில் பார்க்கும் கருவியும் பிடித்துக்கொண்டன. முட்டி வலித்தால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டு.

உங்களிடம் இருப்பதில் நான் பொறாமைப்படுவது ஒன்றுதான்: ஒற்றைக் கையாலேயே இறுக்கி ரத்தத்தை நிறுத்தக்கூடிய அந்தப் பட்டை. அதை எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் வை. வலது கையில் அடிபட்டால் இடது கையால்தான் கட்ட வேண்டியிருக்கும், அதனால் இடது கையில் பழகு. இருட்டிலும் பழகு. எத்தனை நொடியில் கட்டுகிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா